மேசையிலிருந்து இறக்குமுன் ஒரு சுழற்சிப் படம்

ஆசிரியர் அவர்கட்கு,

வீங்கிய வயிற்றுப் பெருநாடிக்குள், வயிற்றைத் திறக்காமல், தொடை மடிப்பிலுள்ள நாடி வழியாகத் துணியுறை போர்த்த ஸ்டென்ட்டை (நாடியை உள்ளிருந்து தாங்கும் வலைக்குழாயை) ஏற்றிப் பொருத்தும் முறையை 1990 இல் ஆர்ஜென்டீனாவின் வைத்தியர் ஜுவான் பரோடி செய்துகாட்டினார். இன்று அது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பொருத்திய ஸ்டென்ட் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று நோயாளி மேசையில் இருக்கும்போதே தீர விசாரிப்பதுதான் என் அக்கறை.

சத்திரசிகிச்சை முடிவில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் வழக்கமான படம் தட்டையானது. ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், ஸ்டென்ட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கசியும் குருதி கண்ணில் படாமல் போகலாம். இன்னொன்றும் உண்டு. விறைப்பான வழிகாட்டிக் கம்பி உள்ளே இருக்கும்வரை ஸ்டென்ட்டின் கால், அதாவது இடுப்பு நாடிக்குள் இறங்கும் அதன் கிளைக்குழாய், நேராகவே தெரியும். கம்பியை உருவியதும், வளைந்த இடுப்பு நாடிக்குள் அது மடங்கிவிடக்கூடும். மடிப்பில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டால், நோயாளி கால் குளிர்ந்து மரத்துப்போன நிலையில்தான் திரும்பி வருவார்.

ஆகவே கம்பியை எடுத்த பிறகு, சுவாசத்தைச் சில விநாடிகள் நிறுத்தி, எக்ஸ்ரே கருவியின் வளைகரத்தை உடலைச் சுற்றி ஏறத்தாழ 200 பாகை சுழற்றி முப்பரிமாணப் படம் எடுப்பது மிகவும் பயனுள்ளது. குறை தெரிந்தால் அங்கேயே பலூனை விரித்தோ, இன்னொரு ஸ்டென்ட்டை வைத்தோ திருத்திவிடலாம். அதே குறை ஒரு மாதம் கழித்து எடுக்கும் சீ.ரீ. ஸ்கானில்தான் வெளிப்படுமென்றால், மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் வயோதிபர் ஒருவர் கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கும் மேல் மறுபடி பயணித்து, இரண்டாவது முறையும் மேசையேற வேண்டியிருக்கும்.

கூடுதல் கதிர்வீச்சும் சாயமருந்தும் தீங்கல்லவா என்ற கேள்வி நியாயமானதே; சிறுநீரக நோய் மலிந்த எமது உலர் வலயத்தில் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மடிப்பையும் நெரிவையும் காணச் சாயமில்லாத சுழற்சிப் படமே பெரும்பாலும் போதும். கசிவைப் பார்க்க, சிறுநீரகத்தைப் பாதிக்காத நுண்குமிழி மருந்துடன் அல்ட்ராசவுண்ட் செய்யலாம். கிளை நாடிகளிலிருந்து பின்னோக்கி வரும் கசிவுகள் பல தாமாகவே அடங்குவதால், கண்டதையெல்லாம் உடனே திருத்தவும் தேவையில்லை. அது சத்திரசிகிச்சை நிபுணரின் தீர்மானம்.

அரச வைத்தியசாலைகளுக்கு இனிக் கொள்வனவு செய்யும், நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் கருவிகளில் இந்தச் சுழற்சி வசதியையும், அதை இயக்குவோருக்கான பயிற்சியையும் சுகாதார அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். அந்த இறுதிப் படத்தில் கண்டதை வீடு திரும்பும் நோயாளியின் துண்டில் இரண்டு வரியிலாவது எழுதிக் கொடுத்தால், அவரைத் தொடர்ந்து பார்க்கும் திருகோணமலை வைத்தியர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பிரிவு உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.