பிளாட் விஷயமாக

திருநெல்வேலி டவுன்

மாப்ள,

இங்கே நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது என் சட்டைக் காலரில் அழுக்கு இருக்கிறது என்று சொல்லுமளவுக்குப் பார்வை தெளிவு.

கேடிசி நகரையும் தாண்டி, தூத்துக்குடி ரோட்டில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயாமே? ஒட்டடைக்குச்சிதான் சொன்னான். ரிட்டையர் ஆனதும் காத்தோட்டமா இருக்கணுமாம் உனக்கு. காற்று நன்றாகவே வரும். கறிவேப்பிலைக்கு எங்கேலே போவ?

எங்கள் அண்ணன் அந்தப் பக்கம்தான் வீடு கட்டினான். லேஅவுட் முழுக்க வீடு, கடைக்கென்று விட்ட மனையில் உடைமரம். பால் பாக்கெட்டுக்கு ஸ்கூட்டர், மாத்திரைக்கு ஸ்கூட்டர், மதினி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவும் ஸ்கூட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. மதினியோ ஜாக்கெட்டை அளவு சரியில்லையென்று திருப்பித் திருப்பிக் கொண்டுபோகிறாள்! இங்கே ரத வீதியில் கீழே கடை, மேலே வீடு. பலசரக்கு, மருந்து, தையல் எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு போய் முடித்துவிடலாம். இரைச்சல் உண்டு, வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஆனித் தேரோட்டத்தன்று வீட்டைவிட்டு நகரவே முடியாது. அதெல்லாம் தெரிந்ததுதானே.

ஆனால் கடை பக்கத்தில் இருந்தால் மட்டும் பெட்ரோல் மிச்சமாகிவிடாது. சின்னவனுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. நான் கடைக்கு நடந்து மிச்சம் பிடிப்பதை அவன் பைக் ஒரே நாளில் குடித்துவிடுகிறது. யூயிங், செர்வெரோ என்று இரண்டு பேர், பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீடும் கடையும் ஆபீசும் கலந்திருப்பது 10 சதவீதம் கூடினால், வண்டி ஓடும் தூரம் 1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்குகிறதாம். நடப்பது 1.5 சதவீதம் கூடுகிறது. வேலையிடங்கள் எட்டும் தூரத்தில் இருப்பது 10 சதவீதம் கூடினால்தான் வண்டித் தூரம் 2 சதவீதம் குறைகிறது. அதிலும் ஒரு சிக்கல்: நடக்கப் பிடித்தவன்தான் அப்படிப்பட்ட தெருவாகப் பார்த்துக் குடிபோகிறான், புண்ணியம் தெருவுக்குப் போய்விடுகிறது. நீயோ முக்குக்கடை டீக்கே சைக்கிள் எடுத்த ஆள்.

இருந்தும் உனக்கு நான் சொல்வது வேறு. ரிட்டையர் ஆனபின் வேலைக்குப் போகும் தூரமே உனக்கு இல்லை. மிச்சமிருப்பது காய்கறி, மருந்து, டாக்டர், கோயில், என் வீடு. இதெல்லாம் நடை தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் உன் பெட்ரோல் கணக்கு. பெட்ரோலை விடு. எழுபது வயதில், அந்த மூட்டுவலியோடு ஸ்கூட்டர் ஓட்டுவாயா? தங்கச்சிக்கு ஓட்டவே தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு மாத்திரை வேண்டுமென்றால் யாரை அனுப்புவாள்?

பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. சின்னதுதான், காத்தோட்டம் சுமார். பாக்கிப் பணம் கொடுக்குமுன் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ.

அப்புறம், ஒட்டடைக்குச்சி மகள் கல்யாணத்துக்கு மொய் தனித்தனியாகவா, சேர்த்தா? போன வாட்டி மாதிரி என் தலையில் கட்டாதே.

உன்,
மச்சான்