டர்போவா, டர்போ இல்லாததா: கயலுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய இரண்டு பழைய கார் விளம்பரங்களையும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்று 2014-இல் பதிவான போர்ஷே கேமன் 981, 2.7 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ், 2034 வரை புதுப்பிக்கப்பட்டது. மற்றது 2018-இல் பதிவான 718 கேமன். 2 லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், முதல் சிஓஇ 2028 வரை ஓடும். இரண்டுமே மேனுவல் கியர். “எதை எடுக்கலாம்ப்பா?” என்று கேட்டிருக்கிறாய். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 981-ஐ எடும்மா. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு எடு. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதே.

காகிதத்தில் டர்போதான் முந்துகிறது. 981-க்கு 275 குதிரைசக்தி, 718-க்கு 300. டார்க்கில், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசையில், வித்தியாசம் இன்னும் பெரிது. 981-இன் 290 நியூட்டன் மீட்டர் 4,500 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) பிறகுதான் முழுசாகக் கிடைக்கும். 718-இன் 380, 1,950 ஆர்பிஎம்மிலேயே வந்து 4,500 வரை அப்படியே நிற்கும். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 981-க்கு 5.7 விநாடி, 718-க்கு 5.1. இதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதென்றால் எனக்குக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இந்த எண்கள் உன் வலது காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. டர்போ எஞ்சின் காற்றை வெளியிலேயே அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அதனால் சிலிண்டருக்குள் அழுத்த விகிதத்தைக் குறைத்து 9.5-க்கு 1 என்று வைத்திருக்கிறார்கள். 981-இல் அது 12.5-க்கு 1. எஞ்சின் புகையின் வேகம் போதாமல், அதனால் சுழலும் டர்பைன் சக்கரம் மெதுவாகச் சுழலும் நேரத்தில் 718 வெறும் 2 லிட்டர் எஞ்சின்தான், அதுவும் அழுத்தம் குறைந்த எஞ்சின். நீ மிதிக்கிறாய், புகை பெருகுகிறது, டர்பைன் வேகமெடுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, பிறகுதான் தள்ளல் வருகிறது. வரும்போது நீ கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். நேர்ச்சாலையில் அது சுகம். வளைவின் நடுவில் காலை அரை அங்குலம் கூட்டிக் குறைத்து வண்டியைச் சமநிலையில் பிடிக்கும்போது அந்தத் தாமதம் தெரியும். 981-இல் கால் எவ்வளவோ எஞ்சினும் அவ்வளவு, அந்தக் கணமே.

“டர்போ இல்லாத எஞ்சினின் சுகம் 7,000 ஆர்பிஎம்முக்கு மேலேதான், சிங்கப்பூரில் அதை எங்கே அனுபவிப்பது?” என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். பாதி சரி. 981-இன் கியர்கள் நீளமானவை. இரண்டாம் கியரை முழுக்க இழுத்தால் 120-ஐத் தாண்டிவிடும், நம் விரைவுச்சாலையிலோ உச்சவரம்பே 90. உச்சத்தில் அந்த ஆறு சிலிண்டர் எழுப்பும் குரலைக் கேட்க வேண்டுமென்றால் மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் நான் சொல்லும் நேரடித் தொடர்பு சவுத் புவன விஸ்தா சாலை வளைவுகளில் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கும். காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அதுதான் என்பது என் கருத்து. போர்ஷே 2020-இல் 718 ஜிடிஎஸ் மாடலுக்கு டர்போவை விட்டுவிட்டு 4 லிட்டர் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்ததையும் நினைத்துப் பார். அது நம் பட்ஜெட்டில் வராது, அது வேறு விஷயம்.

நம் ஊர் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதில் டர்போதான் அடிவாங்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முழு உண்மை அப்படி இல்லை. 15 டிகிரிக் காற்றைவிட 32 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 விழுக்காடு குறைவு. ஈரப்பதம் ஆக்சிஜனின் இடத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இதற்கு மாற்று வழியே கிடையாது. வந்த காற்றை வைத்துத்தான் ஓட வேண்டும். டர்போ கொஞ்சம் கூடுதலாக அழுத்தி ஈடுகட்டிவிடும். ஆனால் அழுத்த அழுத்தக் காற்று சூடேறும். பிஐஇ விரைவுச்சாலையில் அரைமணி நேரம் ஊர்ந்தபின், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சூடாகிக் கிடக்கும். அப்போது நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது, வராமலிருக்க எஞ்சினின் கணினியான ஈசியு தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும். நெரிசல் விட்டதும் நீ மிதிக்கும் முதல் சில தடவை வண்டி சோம்பலாக இருக்கும், ஓட ஓடச் சரியாகும். அது கோளாறு அல்ல, பயப்படாதே. 981 எப்போதுமே ஒரு மாதிரிக் குறைவாக இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இருக்கும்.

டர்போ எங்கே உண்மையிலேயே மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பொங்கோலிலிருந்து ஜூரோங்குக்கு ஓட்டுவதாக இருந்தால் 718-ஐத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுப்பதால் கியர் மாற்றுவது குறையும், கிளட்ச் கால் வலிக்காது. நீ வேலைக்கு எம்ஆர்டி ரயில், வார இறுதிக்கு மட்டும் கார் என்று எழுதியதால்தான் என் பதில் மாறுகிறது.

இனி பணம். 718-க்கு இன்னும் பார்ஃப், அதாவது பதிவை ரத்து செய்யும்போது அரசு திருப்பித் தரும் தொகை, இருக்கிறது என்பதை விற்பவர் பெரிதாகச் சொல்வார். கணக்கைப் போட்டுப் பார். அதன் ஓஎம்வி, அதாவது வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 70,000 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள். 2018 விதிப்படி ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000-க்கு 140, மீதி 20,000-க்கு 180. ஆக ஏஆர்எஃப் 98,000. பத்தாவது ஆண்டில் பதிவை ரத்து செய்தால் அதில் பாதி, 49,000, திரும்ப வரும். ஆனால் வண்டி பிடித்துப்போய் 2028-இல் சிஓஇயைப் புதுப்பித்தால் அந்த 49,000 போனது போனதுதான். அதற்கு மேல் பிக்யூபி என்கிற, சிஓஇ விலையின் மூன்று மாதச் சராசரித் தொகையையும் கட்ட வேண்டும். 981-இல் அந்த இழப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது, விலையிலேயே இறங்கிவிட்டது. 2028-இல் வண்டியைக் கொடுத்துவிடுவாயா, வைத்துக்கொள்வாயா என்று முதலில் உனக்குள் முடிவுசெய். வைத்துக்கொள்வாய் என்றால் 718-இன் பார்ஃப்பை லாபக் கணக்கில் சேர்க்காதே. கடன் வாங்கினால் சிஓஇ முடிவதற்குள் அடைத்தாக வேண்டும், அதனால் 718-க்கு மாதத் தவணை கனக்கும்.

சாலை வரியில் மட்டும் 718 தெளிவாக ஜெயிக்கிறது, ஏனென்றால் இங்கே பெட்ரோல் காருக்கு சிசியை வைத்துத்தான் வரி. 1,988 சிசிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 வெள்ளி, 2,706 சிசிக்கு 2,040. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு 10 விழுக்காடு கூடுதல் வரி, அது ஆண்டுக்கு 10 ஏறி 50-இல் நிற்கும். 981-க்கு அது கடைசியில் 3,060 ஆகும். பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு.

981-ஐப் பார்க்கப் போகும்போது வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போ. ஸ்டார்ட் செய்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால், எஞ்சின் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஏர்-ஆயில் செப்பரேட்டரின் ஜவ்வு கிழிந்திருக்கலாம். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் தூக்கிப் பார். உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வரமறுத்தால் சந்தேகமே இல்லை. ஐட்லிங் தடுமாறினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில். எஞ்சினின் சிலிண்டர்கள் கிடையாகப் படுத்திருப்பதால் காயில்கள் கீழே, சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உறை வெடித்து, மழைநாளில் ஈரம் ஏறி மிஸ்ஃபயர் ஆகும். மாற்றினால் ஆறையும், பிளக்குகளோடு சேர்த்து மாற்று. இன்னொன்று கரி. இந்த 2.7 நேரடி ஊசிச் செலுத்தம் கொண்டது. பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவுவதே இல்லை, அதனால் தோசைக்கல் விளிம்பில் படிவதுபோலக் கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சித்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும்.

வாட்டர் பம்ப் பக்கத்தில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை, இனிப்பு வாசம் இருந்தால் கூலன்ட் கசிகிறது. முன்பம்பரின் இரு ஓரத்திலும் உள்ள காற்றுத் துவாரங்களில் டார்ச் அடித்துப் பார். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் சின்னச் சின்ன இலைகள் அங்கே புகுந்து, ஏர்கான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஈரச் சக்கையாக அடைந்துகிடக்கும். அலுமினியத் தகடுகள் அரித்துப்போய், விரல் பட்டாலே பொடியாக உதிரும். ஏர்கான் குளிராது, எஞ்சின் சூடேறும். பம்பரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். எந்தப் பட்டறையில் எப்போது செய்தார்கள் என்று பில்லைக் கேள். பில் இல்லையென்றால் செய்யவில்லை.

மேனுவல் வண்டி என்பதால் ஓவர்-ரெவ் பதிவை, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்ற பதிவை, கட்டாயம் எடுக்கச் சொல். போர்ஷேயின் பிவிஸ் கருவி உள்ள பட்டறையால்தான் அது முடியும். பதிவு ஆறு நிலையாக இருக்கும். முதல் இரண்டில் எண்ணிக்கை இருப்பது சகஜம். நான்கு முதல் ஆறு வரை எண்ணிக்கை இருந்தால் யாரோ உயர்வேகத்தில் தவறான கியரில் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் ஓடிய எந்த மணிநேரத்தில் நடந்தது என்பதும் அதிலேயே வரும். அண்மையில் நடந்திருந்தால் வண்டியை விட்டுவிடு. பிளக் துளை வழியாக போரோஸ்கோப் என்கிற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு ஆறு சிலிண்டர் சுவர்களையும் படம் எடுக்கச் சொல். பிஸ்டன் ஓடும் திசையில் கீறல் கோடுகள் இருந்தாலும் விட்டுவிடு.

718-ஐப் பார்த்தால் கேள்விகள் வேறு. சூடான பிறகு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒரு மிதி மிதித்துப் பின்னால் பார்க்கச் சொல். நீலப்புகை வந்தால் டர்போ சீல் ஆயிலை விடுகிறது. காலை எடுக்கும்போது தகரம் அதிர்வது போன்ற கலகல ஓசை வந்தால், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவின் கம்பி தேய்ந்திருக்கிறது. முழு மிதியில் ஈசியு கேட்ட அழுத்தம், உண்மையில் கிடைத்த அழுத்தம் இரண்டையும் பதிவுசெய்யச் சொல். கிடைத்தது குறைவாக இருந்தால் எங்கோ குழாயில் கசிவு. முன்பு ரீமேப் செய்து, அதாவது சக்தி கூட்ட ஈசியு நிரலை மாற்றி, பிறகு பழையபடி திருப்பப்பட்டதா என்றும் கேள். டர்போவில் ரீமேப் சுலபம், ஆசை காட்டும். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தைக் கிளட்சும் பிஸ்டனும் சுமக்க வேண்டும், இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது கையை விரித்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டு. விரைவுச்சாலை நுழைவில், பின்னால் வண்டி இல்லாத நேரம், மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில், அதாவது 45 கிலோமீட்டர் வாக்கில், முழுக்க மிதித்து, தள்ளல் எப்போது வருகிறது என்று கவனி. பிறகு ஒரு நீளமான வளைவில் இரண்டாம் கியரில் 50-இல் காலைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை. வண்டியின் முகம் உன் காலோடு வருகிறதா, பின்தங்கி வருகிறதா? இதில் 718 உனக்கு உறுத்தவில்லை என்றால் என் வாதத்தின் பெரும்பகுதி உனக்குப் பொருந்தாது. தாராளமாக அதையே எடு.

எதை எடுத்தாலும் 98 ஆக்டேன் பெட்ரோல்தான். மலேசியாவில் ஜோகூர் பக்கம் போனால் 97-க்குக் கீழே போடாதே. சிங்கப்பூரை விட்டுப் போகும்போது டேங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்கிற விதியும் நினைவிருக்கட்டும். ஆயில் போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40, ஆண்டுக்கு ஒருமுறை, கிலோமீட்டர் ஏறாவிட்டாலும். இந்த வண்டிகளில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி இல்லை. சூடானபின், சமதளத்தில், திரையில் பார். உச்சக் கோட்டுக்கு ஒரு கட்டை கீழே நிறுத்து, அதற்கு மேல் ஊற்றினால் செப்பரேட்டர்தான் பாதிக்கப்படும். ஆயில் 80 டிகிரி ஆகும்வரை 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதே. டர்போ என்றால் வேகமாக ஓட்டி வந்த பிறகு கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்து. கொதிக்கும் டர்போவில் நின்றுபோன ஆயில் கருகிக் குழாயை அடைக்கும்.

981-இன் சேஸி எண்ணும் சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கமும் முதலில் அனுப்பு. நீ ஊர் திரும்பும் முன்னரே பட்டறையில் நேரம் வாங்கி வைக்கிறேன். ஓவர்-ரெவ் தாளும் போரோஸ்கோப் படங்களும் கைக்கு வந்த பிறகு விலை பேசலாம்.

அன்புடன்,
அப்பா