பாதை கீறும்போது இங்கே நடப்பவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் கொத்மலைப் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள் ஓடுவதற்கு ஏற்ற பாதைகள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசிக்கும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது. எங்கள் பக்கம் பத்திரிகையில் வருவதென்றால் சம்பளப் பிரச்சினை, இல்லாவிட்டால் மண்சரிவு, அவ்வளவுதான். ஊர் அழகாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஒருவர் எழுதினால் யாருக்குத்தான் பிடிக்காது. இரண்டாம் தரம் வரைபடத்தைப் பார்த்தேன். வட்டகொடையிலிருந்து பூண்டுலோயாவுக்கு இறங்குகிற கோட்டின் இரண்டு பக்கமும் பச்சை நிறம். நான் பிறந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), கோயில், கொழுந்து நிறுக்கிற மடுவம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பச்சைக்குள் காணாமல் போயிருந்தன. அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் சைக்கிள்காரன்தான். நாலு வருடத்துக்கு முன் கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்ற மலைச் சைக்கிளை வாங்கி, கோச்சியில் (ரயிலில்) ஏற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடுவேன். அதனால் உங்கள் கட்டுரையாளர் அந்த இறக்கத்தைப் புகழ்ந்தது எனக்குப் புரிகிறது. தலவாக்கலைக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய 500 மீற்றர் உயரம் இறங்குகிறது, ஆனாலும் தோட்டப் பாதைகளில் தலைகுப்புற விழுகிற மாதிரி சரிவு வருவது குறைவு, வளைந்து வளைந்து போகும். இது தற்செயலாக அமைந்ததில்லை. கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டி பாரத்தோடு இறங்கவும் ஏறவும் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டிய பாதைகள் பல. அதற்கும் முன்னால் பொதி மாடுகள். தவலந்தென்ன என்ற பெயரிலேயே அது இருக்கிறது, தவலம் என்றால் பொதி மாட்டுக் கூட்டம், தென்ன என்றால் மேட்டுச் சமதரை. 1869இல் வந்த இலைநோயால் கோப்பி போகப்போக அழிந்தது, தேயிலை வந்தது, கோச்சி 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது, ஆனால் அந்தப் பழைய பாதை அப்படியே இருக்கிறது. மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்து அதை வெட்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கூட்டத்தின் பிள்ளைகள் நாங்கள். அந்த வழியை 2023இல், மலையகம் வந்து 200 வருடம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்களே, அந்த நடையில் கடைசி இரண்டு நாள் நானும் போனேன். கால் கொப்புளித்தபோதுதான் தாத்தா சொன்ன கதையெல்லாம் கதை இல்லை என்று விளங்கியது.

ஆற்றைப் பற்றிக் கட்டுரையில் நாலு வரிதான் இருந்தது. கொத்மலை ஓயா இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். தலவாக்கலையில் அதை மறித்து, கிட்டத்தட்ட 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் கீழே கொண்டுபோய் மின்சாரம் எடுக்கிறார்கள், 2012இலிருந்து. சென் கிளேயர் அருவி முன்பு விழுந்த விழுகையைப் பார்த்தவர்களுக்கு இப்போதைய அருவியைப் பார்த்தால் மனம் கேட்காது. கீழே 1985இல் முடிந்த கொத்மலை அணை. துட்டகைமுனு இளவரசனாக இருந்தபோது ஒளிந்து வாழ்ந்த இடம் என்று சொல்லப்படுகிற பூமி அது. வயலும் விகாரையும் ஊருமாக எவ்வளவோ தண்ணீருக்குள் போயிற்று, அங்கே இருந்த சிங்களக் குடும்பங்களை வறண்ட பிரதேசத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். கடும் வெயில் காலத்தில் நீர் வற்றும்போது கடதோர விகாரையின் இடிபாடு மேலே தெரியும். சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வயதான சிங்கள ஐயா, தான் படித்த பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குக் கையால் காட்டினார். இந்தப் பாதையில் ஓடுகிறவர்கள் அப்படி ஒரு ஆளோடு பத்து நிமிடம் பேசாமல் போனால் என்ன பார்த்ததாக அர்த்தம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தை மாதம் நடந்தது. தை, மாசியில்தான் எங்கள் பக்கம் மழை இல்லாத காலம், பாதை காய்ந்து கிடக்கும், வெளியாட்கள் வருவதும் அப்போதுதான். ஞாயிறு என்றாலும் அன்று மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார்கள். மத்தியான நிறுவைக்கு எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் பை நிறையக் கொழுந்தோடு குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பாதை ஒரு முழங்கை அகலம், மேல் பக்கம் தேயிலை வாது இடுப்பில் உரசும், கீழ்ப் பக்கம் மழைத் தண்ணீர் ஓடுகிற கான். மேலே வளைவிலிருந்து மூன்று சைக்கிள்கள் சத்தமே இல்லாமல் வந்தன. அவர் ஒதுங்க இடம் இல்லாமல் பாரத்தோடு அப்படியே கானுக்குள் உட்கார்ந்துவிட்டார். கொழுந்து கொட்டியது. வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், பிரேக் பிடித்து இறங்கி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார்கள், குனிந்து கொழுந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஆனால் மண் பட்ட கொழுந்து மடுவத்தில் கழிவுதானே. நான் பின்னால் ஏறி வந்து பார்த்தபோது பெரியம்மா முழங்காலில் இருந்த மண்ணை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மணி அடிச்சிருந்தா நான் முன்னமே ஒதுங்கியிருப்பேனே தம்பி."

மலைச் சைக்கிளில் பெரும்பாலும் மணி இருக்காது. என் சைக்கிளிலும் அன்றுவரை இல்லை. பாரம் குறைய வேண்டும் என்று கழற்றிப்போட்டிருந்தேன்.

அந்தக் குறுக்குப் பாதையைத்தான் உங்கள் வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் போட்டு, தேர்ந்தவர்களுக்கான இறக்கம் என்று எழுதியிருந்தீர்கள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று நேரம் கொழுந்து நிறுப்பார்கள், அந்த நேரம் முழுதும் அதில் ஆள் நடமாட்டம் இருக்கும். காலை ஆறரையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள். கர்ப்பிணி ஒருவருக்கு அவசரம் என்றால் ரோட்டுக்குக் கொண்டுவருவதும் அதே வழிதான். அது வேலைக்கும் வீட்டுக்குமான பாதை. பக்கத்தில் வண்டிப்பாதை இருக்கிறது, சுற்றுத்தான், ஆனால் காட்சி அதில்தான் நன்றாகத் தெரியும், அருவியும் தெரியும், கோச்சி போவதும் தெரியும். அந்தச் சிவப்புக் கோட்டை அதில் போட்டிருந்தால் ஒருவருக்கும் நட்டம் இல்லை.

அப்புறம் மழை. வைகாசியில் தொடங்கினால் ஆவணி, புரட்டாசி வரை எங்கள் பக்கம் ஈரம் காயாது. அந்த நேரம் குறுக்கில் சைக்கிள் ஓடினால் டயர் போன தடம் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். அடுத்த மழைத் தண்ணீர் கானுக்குப் போகாமல் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே இறங்கும், இரண்டு மழையில் கல்கட்டு அவிழும், மேல் மண் அத்தனையும் ஓயாவுக்குப் போகும். கான் வெட்டுகிற ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று அவர்களுக்குக் கைரேகை மாதிரித் தெரியும். மண்சரிவுக்குப் பயந்து மழை இரவில் தூங்காமல் இருக்கிற லயங்கள் அந்தச் சரிவுக்குக் கீழேதான் இருக்கின்றன. கட்டுரையில் மழைக்காலத்தில் சேறு அதிகம், சாகசத்துக்கு நல்லது என்று இருந்தது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திப் போடுங்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இருப்பதெல்லாம் துரைமார் வைத்த ஸ்கொட்லாந்துப் பெயர்கள். அதையும் நாங்கள் எங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்திருக்கிறோம், பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு மலைக்கும் நம் ஆட்கள் வைத்த பெயர் வேறு உண்டு. எங்கள் டிவிஷனில் பீலி மலை, மாடசாமி மலை, பாட்டியை அட்டை கடித்தே கொன்றுவிடும் என்று சொல்லிச் சிரிக்கிற அட்டை மலை. வழி தவறிய ஒருவர் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குப் புரியாது, பீலி மலை என்றால் கை நீட்டிக் காட்டுவார். வரைபடத்தில் தமிழில் அந்தப் பெயர்களையும் போட்டால் ஓடுகிறவர்களுக்குத்தான் முதலில் பயன்.

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக பெக்கோ டிரெயில் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு பகுதி தவலந்தென்னவிலிருந்து பூண்டுலோயாவுக்கும் அடுத்தது வட்டகொடைக்கும் எங்கள் பக்கமாகத்தான் போகிறது. அதில் நடக்கிறவர்கள் மெதுவாக வருகிறார்கள், கடையில் பிளேன்டீ குடிக்கிறார்கள், ரொட்டி சாப்பிடுகிறார்கள், பிள்ளைகளோடு பேசுகிறார்கள். சைக்கிளில் வருகிறவர்களும் அப்படி நின்று போகிற மாதிரி இடங்களைக் குறித்துக் கொடுங்கள். எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு அக்கா வாசலில் மேசை போட்டு வடையும் தேநீரும் விற்கிறார். அவர் கடை அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி, வண்டிப்பாதையின் ஓரத்தில் இருக்கிறது.

அடுத்த இதழில் வரைபடத்தைத் திருத்திப் போடுவதாக இருந்தால், கட்டுரையாளர் ஒரு வேலை நாளில் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நானே கூட்டிக்கொண்டு இறங்குகிறேன், பெரியம்மாவையும் கான் வெட்டுகிற இரண்டு அண்ணன்மாரையும் பார்த்துப் பேசிவிட்டுக் கோட்டைப் போடலாம். வரும்போது சைக்கிளில் மணி பூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் தலவாக்கலைக் கடையில் ஒரு பழைய மணி வாங்கிப் பூட்டிவிட்டேன், மூன்று வளைவுக்கு அப்பால் கேட்கிறது.

இப்படிக்கு,
பூண்டுலோயாவிலிருந்து ஒரு வாசகர்