பேச்சுத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வயது வந்தோருக்கான ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உச்சரிப்புக்கு மென்பொருளே மதிப்பெண் இடும் என்பதும், அதில் குறைந்தவர் மற்ற பகுதிகளில் எவ்வளவு சிறந்திருந்தாலும் தேர்ச்சி பெற முடியாது என்பதும் நீங்கள் வகுத்த விதிகள். அவற்றை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்மைத் தேர்வின் முடிவுகளைப் பார்த்த பிறகு, அந்த இரண்டாம் விதியை நீக்குமாறு கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் மாணவி ஒருவர் முதியோரைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதை மருத்துவரிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொல்வது அவருடைய அன்றாட வேலை. அவர் சொன்னது விளங்கவில்லை என்று யாரும் குறை கூறியதில்லை. 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலியை நாக்கைப் பல்லிடையே வைத்து எழுப்ப மட்டும் அவருக்கு வரவில்லை. தேர்வில் தோற்றார். எந்த ஒலியில் எவ்வளவு இழந்தார் என்ற விவரம் எங்களுக்குத் தரப்படவில்லை. ஓர் எண் மட்டுமே வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் முன்பாகப் பேசத் தொடங்கும் அவர், இப்போது கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். பேசக் கற்றுத்தர நடத்தும் தேர்வு பேசிக்கொண்டிருந்தவரை மௌனமாக்கியிருக்கிறது என்பதை உங்களில் ஒருவராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

உச்சரிப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பானியம் பேசி வளர்ந்தவர் 'ஸ்கூல்' என்பதற்கு முன் எகரம் சேர்ப்பதும், ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் பிரித்தறியக் கடினமாக இருப்பதும், வியட்நாமியர் சொல்லிறுதியில் அடுக்கி வரும் மெய்களை விழுங்குவதும் சோம்பலால் வருபவை அல்ல. குழந்தையின் காது முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே தாய்மொழியின் ஒலிகளுக்குப் பழகத் தொடங்கிவிடுகிறது. இவற்றுள் பொருளைக் குழப்புபவற்றைத் திருத்த நாங்கள் மணிக்கணக்கில் உழைக்கிறோம். இறுதி மெய் விழுந்தால் இறந்தகாலம் நிகழ்காலமாகிவிடும். அழுத்தம் தவறான அசையில் விழுந்தால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகலாம். எனவே அவற்றுக்கு மதிப்பெண் குறைவதை ஏற்கிறேன். கேட்பவருக்கு எந்தத் தடையும் தராத ஒலிக்கும் அதே தண்டனை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இது புதிய கருத்தும் அல்ல. அழுத்தமான அயல்மொழிச் சாயலோடு பேசுபவரின் பேச்சும் முழுமையாகப் புரியலாம் என்பதை உச்சரிப்பு ஆய்வாளர்களான மன்ரோவும் டெர்விங்கும் 1995லேயே ஆய்வில் காட்டினார்கள். மொழித்திறனுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகம் 2018இல் தன் ஒலியியல் அளவுகோலைத் திருத்தியபோது, தாய்மொழியாளரைப் போலப் பேசுவதை விடுத்துப் புரியும்படி பேசுவதையே மையமாக வைத்தது. மென்பொருளின் காதை நம்பலாம் என்பவர்கள், அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களை, சோதித்து 2020இல் வெளியான ஆய்வைப் படிக்க வேண்டும். வெள்ளையரின் பேச்சில் சராசரியாக 19 விழுக்காடாக இருந்த மென்பொருளின் சொற்பிழை, கறுப்பினத்தவரின் பேச்சில் 35 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலத்தைப் பிறந்ததிலிருந்து பேசுபவர்களுக்கே இந்த நிலை என்றால், நடுவயதில் கற்க வந்தவருக்கு அத்தகைய கருவியின் தீர்ப்பே இறுதியானது என்பது எந்த வகையில் நியாயம்?

கட்டணம் வாங்கவும் கால அட்டவணை அனுப்பவும் காட்டும் அக்கறையை, தோற்றவர் ஏன் தோற்றார் என்று சொல்வதிலும் காட்டியிருக்கலாம். கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள், கோரிக்கைக்கு வருகிறேன்.

உச்சரிப்பு மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்து எவரையும் தோல்வியடையச் செய்யும் விதியை நீக்குங்கள். இந்த முறை அதனால் மட்டுமே தோற்றவர்களின் பதிவுகளைப் பல மொழிச் சாயல்களைக் கேட்டுப் பழகிய இரு தேர்வாளர்கள் கேட்டு, புரிகிறதா என்ற ஒரே அளவுகோலால் மறுமதிப்பீடு செய்யட்டும். மதிப்பெண்ணோடு காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். அடுத்த தேர்வுக்கான பதிவு தொடங்கும் முன் இதற்கு முடிவு சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆசிரியர்