முழுக்கைச் சட்டை

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுவது. உன் போன் பதினொரு நாளாக அணைந்தே கிடக்கிறது. அதை வைத்து ஆளைக் கண்காணிக்கிறார்கள் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். அது பொய்யில்லை. நாம் இருக்கும் இடத்தைப் போன் கோபுரத்துக்குக் கோபுரம் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். லட்சுமி கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

கிணற்றடியில் குளிக்கும்போதுகூட நீ முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. அம்மா கேட்டதற்குக் குளிர் என்றாய். அதைத் துவைத்த அம்மா ஒன்றும் பேசவில்லை, இடது கைக்கு மட்டும் இரண்டு தரம் சோப்பு போட்டாள்.

குமார், ஊசி விஷயம் எனக்குத் தெரியும். கொரோனா தடுப்பூசியோடு ஆளைக் கண்காணிக்கிற சிப்பைக் கைக்குள் ஏற்றிவிட்டார்கள் என்று நீ நம்புகிறாய். 32 வருஷம் கால்நடை மருந்தகத்தில் ஊசி பிடித்த கை இது. மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை அடிப்போமே, 12 இலக்கம், அது வெறும் எண்தான். மாடு எங்கே மேய்கிறது என்று சொல்லாது. வில்லையோடு காணாமல் போன செவலையை மூன்று நாள் நடந்துதானே பிடித்தோம்? வளர்ப்பு நாய்க்குப் போடுகிற சிப்பையும் சென்னையில் பார்த்தேன். நீள அரிசி மாதிரி, 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் கனம். உள்ளே பேட்டரி கிடையாது. கருவியை நாயின் மேல் உரசுகிற மாதிரி கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று வரும், அவ்வளவுதான். உனக்கு 2021-ல் கோவிஷீல்டு போட்ட ஊசி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அதற்குள் அந்த அரிசி நுழையாது.

அதைவிடச் சின்னது, நானோ என்பாய். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். ஃபைசர் ஊசியில் நானோ இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. மருந்தைச் சுமக்கிற கொழுப்புக் குமிழி அது. அந்த ஊசி நம் நாட்டில் போடவே இல்லை. அவ்வளவு சின்னதற்குள் ஆன்டெனாவை எங்கே வைப்பது, மின்சாரம் எங்கிருந்து வரும்? ஸ்வீடனில் சில ஆயிரம் பேர் கையில் சிப் வைத்திருக்கிறார்கள், நிஜம்தான். கதவு திறப்பதற்காக அவர்களே விரும்பி வைத்துக்கொண்டது.

சித்தப்பாவின் பழைய ரேடியோவை எட்டாம் வகுப்பிலேயே பிரித்து மறுபடி பாட வைத்தவன் நீ. கடைவீதியில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்வேன். அந்தப் பிள்ளை அம்மாவின் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போடலாமா?

மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இன்று வாசித்தால் முழுக்க வாதம்தான். சித்தப்பாவிடமும் நான் இதைத்தான் செய்தேன்.

கடைவாய்ப் பல்லில் ரேடியோ வைத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னது உனக்குத் தெரியும். பல்லை அவனே குறட்டால் பிடுங்கிக்கொண்டது தெரியாது. அப்புறம் கோயில் கோயிலாகக் கொண்டுபோனோம். அங்கே சங்கிலி போட்டது பூசாரி என்றுதான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இல்லை, குமார். அது நம் தொழுவத்துச் சங்கிலி. பூட்டியது நான். உன் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். மதுரை பெரியாஸ்பத்திரி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு தடவைகூட அவனைக் கூட்டிப்போகவில்லை. "அண்ணா, வலிக்குது" என்றான். பல்லைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

காலையில் 14416-க்குப் பேசினேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுகிறார்கள். இருக்கா இல்லையா என்று பையனிடம் அடித்துப் பேசாதீர்கள், தூங்குகிறானா, பயப்படுகிறானா என்று கேளுங்கள் என்றார் அந்தப் பெண். நான் உன்னிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. பயமாக இருக்கிறதா, தம்பி?

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் வருகிறாள். நீ சம்மதித்தால் மூன்று பேருமாக டாக்டரைப் பார்ப்போம், என்னை வெளியில் இருக்கச் சொன்னாலும் இருக்கிறேன். மருந்துப் பெட்டி கொண்டு வருகிறேன், அந்தக் கையை எனக்குக் காட்டு. அதுவரை பிளேடைத் தொடாதே. ராத்திரி தூங்கு.

அப்பா