மைக்கைக் கொடுப்பதற்கு முன் தீர்ப்பு நகலைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலை, கொடுந்தாக்குதல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர்களைப் பள்ளிக்கும் கருத்தரங்குக்கும் பேச அழைக்கலாமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. "திருந்தியவரை இன்னும் எத்தனை காலம் குத்திக்காட்டுவது?" என்கிறார் ஒருவர். "செத்தவர் திரும்பி வருவாரா?" என்கிறார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இரண்டும் அந்த மனிதரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதையே சுற்றி வருகின்றன. அதை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. அவரை அழைக்கிற நிறுவனம் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதை அளக்க முடியும். பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் நடக்கின்றன.

தண்டனை முடிந்தவர் வீடு பிடிக்கலாம், வேலைக்குப் போகலாம், தெருமுனையில் நின்று தன் கருத்தைச் சொல்லலாம். அதற்கு நம் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. ஒரு நிறுவனம் அவரைக் கைதட்டலோடு மேடையேற்றி, "இவரைப் பாருங்கள்" என்று முன்னிறுத்தும்போதுதான் பொறுப்பு என்ற பேச்சே வருகிறது. அந்த மேடையைப் பாவமன்னிப்புச் சான்றிதழாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. வேலைக்கு ஆள் எடுப்பதுபோல அதைப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். என்ன வேலை, அதற்கு இவர் பொருத்தமா, யார் மேற்பார்வை, தவறு நடந்தால் என்ன வழி? அப்படிப் பார்த்தால் அழைக்கலாம் என்பதே என் கருத்து. இப்போது அழைக்கிற விதத்தில் கூடாது என்பதும் என் கருத்து.

அவசரம்தான் பெரிய பகை. அமெரிக்காவில் ஜாக் ஹென்றி அபட் என்பவர் சிறைக்குள்ளேயே சக கைதியைக் கொன்றவர். அவர் எழுதிய கடிதங்களைப் படித்து வியந்த புகழ்பெற்ற எழுத்தாளர் நார்மன் மெய்லர், அவருடைய பரோலுக்கு ஆதரவாக நின்றார். 1981இல் வெளியே வந்த அபட்டை நியூயார்க் இலக்கிய வட்டம் கொண்டாடியது. ஆறே வாரம். ஜூலை 18 அன்று ஓர் உணவகத்தில், கழிப்பறையைப் பயன்படுத்துவது பற்றிய வாய்த்தகராறில், 22 வயதுப் பணியாளர் ஒருவரைக் குத்திக் கொன்றார். நன்றாக எழுதுகிறவர் நன்றாக வாழவும் பழகியிருப்பார் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். வயதுக்கு வந்த காலத்தில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவருக்கு வெளியுலகின் சாதாரண உரசல்களே பழக்கமில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. விடுதலையான முதல் ஆண்டு அடையாள ஆவணங்கள், தங்குமிடம், வருமானம், தூக்கம் ஆகியவற்றுக்கே சரியாகப் போகும். குறைந்தது இரண்டு ஆண்டு கழியட்டும்; அதில் ஓராண்டாவது மேடையோடு தொடர்பில்லாத ஒரு வேலையில் அவர் நிலைத்திருக்கட்டும்.

காலம் கழிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2019 நவம்பர் 29 அன்று லண்டனின் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிறைக் கல்வித் திட்டம் ஒன்றின் நிகழ்ச்சி நடந்தது. பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு முந்தைய ஆண்டு வெளியே வந்திருந்த ஒருவர் அதற்கு அழைக்கப்பட்டிருந்தார். அந்தத் திட்டத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டவர் அவர். அங்கேயே அவர் இரண்டு இளைஞர்களைக் கொன்றார். இருவரும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்து உழைத்தவர்கள். 2021இல் விசாரணை நடத்திய ஜூரி ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: அவருக்கு இருந்த 'விளம்பர முகம்' என்ற பிம்பமே அவரிடமிருந்த ஆபத்தை அதிகாரிகள் பார்க்கவிடாமல் மறைத்தது, வெளியே வந்தபின் உளவியல் மதிப்பீடும் நடக்கவில்லை.

இதே நிகழ்வின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. கொலையாளியை மடக்கவோ குத்துப்பட்டவர்களுக்கு உதவவோ ஓடியவர்களில் கொலைக் குற்றத்தில் தண்டனை அனுபவித்துக்கொண்டே அன்றைக்கு ஒரு நாள் அனுமதியில் வந்திருந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருடைய தண்டனைக் காலத்தை அரச கருணையின்பேரில் குறைத்தார்கள். இன்னொருவரை ஊடகங்கள் வீரர் என்று எழுதியபோது, அவரால் கொல்லப்பட்ட பெண்ணின் உறவினர் அதைப் பொறுக்க மாட்டாமல் மறுத்தார். ஒரே அறையில் இத்தனையும் நடந்திருக்க, திருந்தினாரா இல்லையா என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுத நாம் யார்? நிறுவனம் கற்றுக்கொள்ள வேண்டியது எளிது. திட்டத்தின் முகமாக ஒரே ஆளை வைக்காதீர்கள், நாலைந்து பேர் இருக்கட்டும். பெயர் வாங்கிவிட்டார் என்பதற்காக மேற்பார்வையைத் தளர்த்தாதீர்கள். புகழ் ஏறும்போது அழுத்தமும் ஏறுகிறது. சறுக்கியதை வெளியே சொல்லும் துணிவு அப்போதுதான் குறைகிறது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அழைக்கத் தீர்மானித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தீர்ப்பின் முழு நகலை வாங்கிப் படிப்பது. பழைய செய்தித் துணுக்கு போதாது; அவர் சொல்லும் கதை நிச்சயம் போதாது. மேல்முறையீட்டில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு அவரைத் தனியே உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் இவருக்கும் என்ன உறவு, ஆயுதம் முன்பே கையில் இருந்ததா என்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும், பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும். நீதிமன்றம் திட்டமிட்ட கொலை என்று எழுதியிருக்க, "ஒரு தகராறில் அசம்பாவிதம் ஆகிப்போச்சு" என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். "குத்தினேன்" என்பவருக்கும் "குத்துப்பட்டது" என்பவருக்கும் உள்ள தூரம் இலக்கணத்தோடு முடிவதில்லை.

"நான் செய்யவே இல்லை" என்று சொல்பவர் வேறு வகை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அவருக்கு வேண்டியது வழக்கறிஞர். திருந்தியவர் என்ற அறிமுகம் அவரை அவமதிப்பதாகும். வழக்கே முடியாதவர்களும் இருக்கிறார்கள். பூலான் தேவி 11 ஆண்டு சிறையில் இருந்தார். கொலை வழக்கில் தீர்ப்பு வராமலே 1994இல் வெளியே வந்து, 1996இல் மக்களவைக்குத் தேர்வானார். அவரைக் குற்றவாளி என்று சொல்லியே இன்னும் பேசுகிறார்கள். எந்தத் தீர்ப்பின்படி என்று கேட்டால் பதில் இல்லை.

பரோலிலோ நிபந்தனையிலோ இருப்பவரானால், எந்த ஊருக்குப் போகக் கூடாது, யாரோடு பேசக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் எழுத்திலேயே இருக்கும். மேற்பார்வை அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். "அவர் வாயால் சரி என்றார்" என்பது பின்னால் அந்தக் கைதியைத்தான் மறுபடி உள்ளே தள்ளும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது எல்லோரும் தாண்டிக் குதித்துவிடும் படி: பாதிக்கப்பட்டவரின் குடும்பம். தங்கள் மகனைக் கொன்றவர் மேடையில் பேசுவதைக் கைப்பேசியில் யாரோ அனுப்பிய காணொளியில் ஒரு தாய் முதன்முதலாகப் பார்க்க நேர்வதைவிடக் கொடுமை இந்தத் துறையில் வேறில்லை. நிகழ்ச்சிக்கு மூன்று நாலு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். பேசப்போகிறவரோ அவருடைய உறவினரோ போய்ச் சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பணியில் இருக்கும் மூன்றாம் ஆள் சொல்ல வேண்டும். என்ன தேதி, எந்த இடம், பதிவு செய்யப்படுமா, இறந்தவரின் பெயர் வருமா என்ற நான்கு தகவல் போதும். அந்தச் சந்திப்பில் மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பதில் வராமல் இருப்பதைச் சம்மதமாகக் கொள்ளவும் கூடாது. குடும்பத்துக்குத் தடுக்கும் அதிகாரம் உண்டா என்று கேட்பார்கள். இறந்தவரின் பெயர், படம், இறந்த விதம் ஆகியவற்றின் மேல் முழு அதிகாரம் உண்டு என்பேன். சிறைச் சீர்திருத்தம் பற்றி அவர் பேசுவதையே தடுக்கும் அதிகாரம் இல்லை என்றும் சொல்வேன். இது எல்லோருக்கும் பிடிக்காது.

இரு தரப்பும் சந்திப்பதென்றால் பாதிக்கப்பட்டவர் தரப்பிலிருந்து கோரிக்கை வர வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் 1993 முதல் நடக்கும் சந்திப்புத் திட்டம் அந்த விதியில்தான் இயங்குகிறது. ஒரு சந்திப்புக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். தென்னாப்பிரிக்காவில் 1993 ஆகஸ்டில் கொல்லப்பட்ட அமெரிக்க மாணவி ஏமி பீலின் பெற்றோர், 1998இல் கொலையாளிகள் நால்வருக்கும் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டதை எதிர்க்கவில்லை. அவர்களில் இருவர் பின்னர் மகள் பெயரிலான அறக்கட்டளையிலேயே வேலை பார்த்தார்கள். எல்லோரும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அங்கே கதவைத் திறந்தவர்கள் பெற்றோர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அடுத்த குடும்பத்திடம் போய், "அவர்களே மன்னித்தார்களே" என்று சொல்வது மிரட்டலுக்குச் சமம்.

என்ன பேசலாம்? சிறை எப்படி இயங்குகிறது, கும்பல் ஒரு பையனை எப்படி இழுக்கிறது, வெளியே வந்ததும் எது தடுக்கிறது என்பனவற்றில் அவருக்குள்ள அறிவு வேறு எவருக்கும் இல்லை. தண்டனைச் சட்டம் பற்றிப் பேச அவரும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வலி அவர் பேசும் பொருளே அல்ல.

பள்ளிகளில் நடக்கும் பிழை இதைவிடப் பெரிது. ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டித் திருத்தும் முயற்சி 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் நடந்தது. அதைப் பற்றி 1978இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கரும் வாங்கியது. பிற்பாடு இவ்வகைத் திட்டங்கள் குறித்த ஒன்பது சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, அதில் கலந்துகொண்ட பிள்ளைகள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் இறங்கியது தெரிந்தது. ஏன் என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையன் பயத்தையா பார்க்கிறான்? அரங்கமே மூச்சடக்கிக் கேட்கும் ஒரு மனிதரைப் பார்க்கிறான். ஆகவே 40 நிமிடப் பேச்சில் குற்றத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆயுதம், முறை, ரத்தம் எதுவும் வேண்டாம். மீதி நேரம் அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கும் பிந்தைய இருபது ஆண்டுக்கும் போகட்டும். ஆசிரியர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பேச்சு முடிந்தபின் எந்த மாணவருக்கும் அவருடைய தனிப்பட்ட எண் போகக் கூடாது.

மேடையைவிடத் தெருவில் இவர்கள் அதிகம் பயன்படுகிறார்கள் என்பது என் எண்ணம். சிகாகோவில் 2000இல் தொடங்கிய ஒரு திட்டம், பழைய கும்பல் ஆட்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, பழிவாங்கல் நடக்கும் முன் இரு தரப்பையும் பேசவைக்கிறது. இது எல்லா ஊரிலும் ஒரேபோல் பலன் தரவில்லை. 2015இல் பால்டிமோரில் இதே வகைத் திட்டத்தின் அலுவலகத்திலேயே துப்பாக்கிகள் பிடிபட்டன. பழைய தொடர்பு இருப்பதால்தான் அவர் சொல் எடுபடுகிறது. அதே தொடர்புதான் அவரைத் திரும்ப இழுக்கவும் செய்யும். வாராவாரம் கூட்டம், மேற்பார்வை, முறையான சம்பளம் இல்லாமல் இந்த வேலைக்கு யாரையும் அனுப்பக் கூடாது.

பணம் என்றதும் முகம் சுளிக்கிறோம். வேலைக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஓசியில் பேசவைப்பது சுரண்டல். குற்றக் கதையை விற்பதுதான் வேறு. நியூயார்க் மாநிலம் 1977இல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2001இல் வந்த திருத்தம் புத்திசாலித்தனமானது: தண்டிக்கப்பட்டவருக்கு 10,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் வழக்குப் போடலாம். இங்கிலாந்தின் 'கார்டியன்' இதழில் ஓர் ஆயுள் கைதி 2000 முதல் சிறையிலிருந்தே பத்தி எழுதினார். சிறையில் இருந்த காலம்வரை அதற்கான ஊதியம் அவர் கைக்குப் போகவில்லை. 2009இல், தன் பழைய வாழ்க்கை பற்றி எழுதியதில் பொய் கலந்திருந்ததை அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் எழுதினார். சரிபார்க்கும் வேலை பத்திரிகையினுடையது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சில வகைகளில் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்தவருக்குச் சிறுவர் தொடர்பான எந்த மேடையும் கூடாது, எத்தனை ஆண்டு ஆனாலும். மனைவியைக் கொன்றவரோ அடித்து முடமாக்கியவரோ பெண்கள் பாதுகாப்புக்குக் குரல் கொடுக்கக் கிளம்பினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெளியாரிடம் இனிக்க இனிக்கப் பேசி நம்பவைப்பது அந்தக் குற்றத்தின் ஓர் அங்கமாகவே பல நேரம் இருந்திருக்கிறது.

பேசுகிறவருக்கும் இதனால் கேடு உண்டு. வாழ்க்கையின் மிகக் கேவலமான நாளை வாரம் இரண்டு முறை சொல்லி வயிறு வளர்க்க நேர்ந்தால், அந்த நாளிலிருந்து அவர் எப்படி வெளியே வருவார்? கைதட்டல் வாங்கிய வாக்கியம் அடுத்த முறை இன்னும் மெருகேறும். ஒரு கட்டத்தில் நினைவு போய் நாடகம் மட்டும் மிஞ்சும். மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சி போதும். "இனி பேச விருப்பமில்லை" என்று சொன்னால் வருமானம் போகாத வகையில் வேறொரு பிழைப்பு அவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்டவரின் பேட்டியை வெளியிடும்போது "அன்று அரக்கன், இன்று ஆசான்" என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். என்ன குற்றம், எந்த ஆண்டுத் தீர்ப்பு, எத்தனை ஆண்டு தண்டனை என்பதை முதல் மூன்று பத்திக்குள் எழுதுங்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு அச்சுக்குப் போவதற்கு முன்பே ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்