முட்டையைக் கூட்டியது போட்டிதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேர்தல் அறிக்கைகள் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். கட்சிகள் ஏலம் கேட்கிற மாதிரி இலவசங்களை அறிவிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஏலம்தான், மறுக்கவில்லை. 2021ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஸ்டாலின் திருச்சியில் சொன்ன மறுநாளே 1,500 என்றார் எடப்பாடி பழனிசாமி, எங்கள் வீட்டில் எல்லாருமே சிரித்தோம். ஆனால் ஏலம் என்றாலே மக்களுக்கு நஷ்டம் என்று நீங்கள் முடிவுகட்டியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சத்துணவையே எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவை 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். பெரிதாக்கியபோது, பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் அன்றைக்கும் நிறைய. 1989ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி, எதிராளியின் திட்டம் என்று அதை ஊற்றி மூடவில்லை, நினைத்திருந்தாலும் முடியாது, ஏனென்றால் ஊருக்கு ஊர் சத்துணவுக்கூடம், தெருவுக்குத் தெரு அங்கே சாப்பிடும் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு ஓட்டுள்ள ஓர் அம்மா. திட்டத்திலிருந்து எம்.ஜி.ஆர். பெயரை எடுத்தாலும் வம்பு. அப்புறம் பேர் வாங்க என்ன வழி? தட்டில் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998ல் வாரம் ஒன்று, 2006ல் இரண்டு, அடுத்த ஆண்டே மூன்று, 2010ல் ஐந்து. ஜெயலலிதா சும்மா இருப்பாரா, 2013ல் கலவை சாதமும் மசாலா முட்டையும் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. (நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் இதில் சந்தோஷம் இருந்திருக்கும், அது வேறு கதை.) நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பரில்தான். இங்கே அதற்குள் ஒரு தலைமுறையே சாப்பிட்டு வளர்ந்துவிட்டது. எந்தத் தலைவருக்கு எவ்வளவு கருணை என்று நாம் அளந்துகொண்டிருக்க வேண்டாம், அடுத்தவன் கூடக் கொடுத்துவிடுவான் என்ற பயம் போதுமானதாக இருந்தது.

சரி, போட்டி எப்போதும் நல்லதே செய்ததா என்றால் அதுவும் இல்லை. 2011ல் ஆட்சி மாறியதும், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வியை நிறுத்தப் பார்த்தார்கள், பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் பாடப்புத்தகம் இல்லை, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிடைத்தது. உழவர் சந்தைகள் 2001க்குப் பிறகு கேட்பாரில்லாமல் கிடந்து 2006ல்தான் மறுபடி உயிர் பெற்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக மாற்றப் பார்த்ததும் நீதிமன்றத்தில்தான் நின்றது. எல்லா வீட்டிலும் வேரோடிய திட்டத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது, வேர் பிடிக்காததை ஆட்சி மாறியதும் பிடுங்கிப் போடுவார்கள். நீதிமன்றம் தலையிட்டு இலவச வாக்குறுதிகளைத் தடுக்க வேண்டும் என்கிறீர்கள். டிவி, மிக்சி, கிரைண்டர் வழக்கில் 2013லேயே, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நெறிமுறை வகுக்கும் வேலையைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தது.

எனக்குக் கவலை தருவது ஏலத்துக்கே வராத விஷயங்கள். உள்ளாட்சித் தேர்தலைப் பாருங்கள். 2016ல் நடந்திருக்க வேண்டியது, சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதிமுக ஆட்சியில் தள்ளிப்போனபோது திமுக கத்தியது. பிறகு திமுக ஆட்சியில், 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் வரவில்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். வழக்கு, வார்டு மறுவரையறை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. தன் தொகுதிக்குள் இன்னொருவர் தலையெடுப்பதை எந்த எம்.எல்.ஏ. விரும்புவார்? இதில் இரண்டு கட்சிக்கும் ஒரே லாபம், அதனால் போட்டியே கிடையாது.

சத்துணவு ஊழியர்கள் கதையும் இப்படித்தான். என் சித்தி சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற அரசு ஊழியர்களுக்கு இருப்பதுபோன்ற காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் பந்தல் போட்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து ஆதரவு தெரிவித்துவிட்டுப் போவார்கள், ஆட்சிக்கு வந்ததும் நிதிநிலை சரியில்லை என்பார்கள். முட்டைக்கு இருந்த போட்டி அதை அவித்து உரித்தவர்களுக்கு இல்லை.

ஆகவே, அடுத்த முறை இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அட்டவணை போடும்போது எந்தத் திட்டத்துக்கு எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல், ஊராட்சித் தேர்தல் எந்த மாதம், சத்துணவு ஊழியருக்குக் காலமுறை ஊதியம் எந்தத் தேதியிலிருந்து என்று இரண்டு கட்சி அலுவலகத்துக்கும் உங்கள் நிருபரை அனுப்பிக் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மணப்பாறை